நெட்வொர்க் கார்டு டிரைவர் பிழை பற்றி கம்பெனி போட்ட டாக்குமென்டே தப்பு, எப்படித் திருத்த வைப்பது?

நடுநிசி அட்மின்:
எங்களிடம் ஹைப்பர்-வி (ஒரே சர்வரில் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்களை, ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) ஓடும் சர்வர்கள் சில இருக்கின்றன, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. பழசுதான், மாற்றுவதற்குப் பணம் ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள், அது தனிக் கதை. மதர்போர்டோடு வரும் 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க் கார்டு. திடீரென்று ஒரு விஎம் மட்டும் நெட்வொர்க்கை விட்டுக் காணாமல் போகும். உள்ளே போய்ப் பார்த்தால் அடாப்டர் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும், ஆனால் கேட்வேக்குக்கூட பிங் போகாது. அதே போர்ட்டில் இருக்கும் மற்ற விஎம்கள் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும். ஈவென்ட் லாகில் ஒரு வரியும் இருக்காது.

ஃபிசிக்கல் கார்டில் விஎம்க்யூவை (ஒவ்வொரு விஎம்முக்கும் வருவதைக் கார்டே தனித்தனி வரிசையில் பிரிக்கும் வசதி) நிறுத்தியதும் பிரச்சினை போய்விட்டது. அதனால் என் கேள்வி தீர்வு பற்றியது இல்லை. சர்வர் கம்பெனி (பெயர் வேண்டாம்) இதற்கென்றே ஒரு டாக்குமென்ட் போட்டிருக்கிறது. டீமிங் (பல கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) போட்டிருந்தால் மட்டும்தான் இந்தப் பிரச்சினை வரும் என்கிறது. எங்களுக்கு டீமிங்கே இல்லாத ஹோஸ்ட்டிலும் (விஎம்களை ஓட்டும் சர்வர்) வந்தது. விஎம் செட்டிங்கில் விஎம்க்யூ டிக்கை எடுத்துவிட்டு விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்கிறது. செய்தோம், மறுபடியும் விழுந்தது. கடைசியாக ஒரு வெர்ஷன் நம்பரைச் சொல்லி அதிலிருந்து டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) திருத்தப்பட்டது என்கிறது, நாங்கள் ஓட்டுவதே அந்த வெர்ஷன்தான்.

சப்போர்ட்டுக்குப் போன் போட்டால் அந்தப் பையன் அதே டாக்குமென்டை எனக்கே வாசித்துக் காட்டுகிறான். பக்கத்தின் அடியில் உள்ள கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். இன்னொரு கிளையில் புதிதாகச் சேர்ந்த தம்பி இதை நம்பி டீமிங்கைப் பிரித்துவிட்டு, விஎம்கள் இன்னும் விழுகின்றனவே என்று முழித்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கத்தைத் திருத்த வைக்க யாரைப் பிடிக்க வேண்டும்?

பாக்கெட் பாண்டி:
டீமிங் கதை எனக்கும் நம்பும்படியாக இல்லை. விஎம்க்யூ செய்கிற வேலை என்ன? வருகிற ஃபிரேமின் (நெட்வொர்க்கில் வரும் டேட்டாத் துண்டு) மேக் முகவரியைக் கார்டே பார்த்து, எந்த விஎம்முக்கு உரியதோ அதன் வரிசையில் நேராகப் போடுகிறது, அந்த வரிசையை ஒரு சிபியு கோர் கவனிக்கிறது. இது இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வரிசையில் வந்து, ஹோஸ்ட்டில் இருக்கும் விர்ச்சுவல் சுவிட்ச் பிரித்துக் கொடுக்கும். ஒரு விஎம்மின் வரிசை மட்டும் செத்துப்போனால் நீங்கள் சொல்லும் அறிகுறிதான் வரும், அதற்கு டீமிங் எதற்கு? ஹைப்பர்-வி போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் டீமிங்கும் போட்டிருப்பார்கள், புகார் கொடுத்தவர்களும் அவர்களாகவே இருந்திருப்பார்கள், எழுதியவர் அதையே காரணம் என்று முடிவுகட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

உங்கள் கார்டு எது என்று தெரியாது, ஆனால் இதே மாதிரி ஒன்று ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் 2986895 எண் கட்டுரையைத் தேடிப் பாருங்கள். ப்ராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் 1 ஜிகாபிட் கார்டுகள், பி57என்டி60ஏ.சிஸ் டிரைவர், விஎம்க்யூ இயல்பாகவே ஆன். 5719, 5720 சிப்புகள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நெட்எக்ஸ்ட்ரீம் 2 இதில் வராது என்பதையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். விஎம்மை ரீஸ்டார்ட் செய்தால் தீராது, ஹோஸ்ட்டை ரீஸ்டார்ட் செய்தால் வந்துவிடும் என்றும் இருக்கிறது. 16.8 டிரைவரிலிருந்து சரி, 2015 மார்ச்சில் ப்ராட்காம் 17.0 வெளியிட்டது. ஒரு டாக்குமென்ட் என்றால் இப்படி எந்த சிப், எந்தக் கோப்பு, எந்த வெர்ஷன் என்று இருக்க வேண்டும்.

இன்னொன்று, விஎம்க்யூ 10 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஒரே கோர் திணறும் என்பதற்காக வந்த வசதி. 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு ஒரு கோரே தாராளம். நிறுத்தினால் வேகம் போய்விடுமே என்று பயப்பட ஒன்றுமில்லை.

சந்தேகச் செல்வி:
பாண்டி அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் டாக்குமென்ட் தப்பு என்று சண்டைக்குப் போவதற்கு முன்னால், உங்களுக்கு எதுவரை தெரியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விஎம்க்யூவை நிறுத்தினால் நிற்கிறது, அதுவரைக்கும்தான் தெரியும். கோளாறு டிரைவரிலா, கார்டின் ஃபர்ம்வேரிலா (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), விர்ச்சுவல் சுவிட்ச்சிலா என்பது அதிலிருந்து வராது.

2008இல் லினக்ஸ் 2.6.27 சோதனை வெர்ஷன்களில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? இன்டெல் நெட்வொர்க் கார்டுகளின் என்விஎம் நினைவகமே (மின்சாரம் போனாலும் அழியாதது) அழிந்து கார்டு செத்துப்போனது. எல்லார் விரலும் அந்தக் கார்டுகளின் இ1000இ டிரைவரைத்தான் காட்டியது. கடைசியில் பிடிபட்டது எஃப்ட்ரேஸ், கெர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதி) எந்த ஃபங்ஷன் ஓடுகிறது என்று பின்தொடரும் கருவி. ஏற்கெனவே நினைவகத்திலிருந்து விடுவிக்கப்பட்ட புரோகிராம் கோடு இருந்த முகவரிகளில் அது போய் எழுதியது, அந்த இடத்தில் அப்போது கார்டின் நினைவகம் மேப் ஆகியிருந்தது. டிரைவர் அந்தக் குற்றத்தில் வெறும் பலியாள். அதனால் கம்பெனிக்கு எழுதும்போது உங்கள் டிரைவர் மோசம் என்று எழுதாதீர்கள், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் அந்த வெர்ஷன் விஷயம். சர்வர் கம்பெனி கொடுக்கும் பேக்கேஜுக்கு ஒரு நம்பர், அதற்குள் இருக்கும் டிரைவர் கோப்புக்கு ஒரு நம்பர், ஃபர்ம்வேருக்கு இன்னொன்று. டாக்குமென்ட் சொல்வது எந்த நம்பர், உங்களிடம் இருப்பது எந்த நம்பர்? டிரைவர் மாற்றும்போது கார்டின் செட்டிங்குகள் பழையபடி திரும்புவதும் உண்டு, நிறுத்தி வைத்த விஎம்க்யூ சத்தமில்லாமல் ஆன் ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் பவர்ஷெல்லில் பார்த்துவிடுங்கள்.

நடுநிசி அட்மின்:
செல்வி மேடம், பார்த்தேன். டாக்குமென்டில் இருப்பது பேக்கேஜ் நம்பர். அதைப் பிரித்தால் உள்ளே இருக்கும் டிரைவர் கோப்பு, அதற்கு முந்தைய பேக்கேஜில் இருந்த அதே கோப்பு, பைட் மாறவில்லை. ஃபர்ம்வேர் மட்டும் மாறியிருக்கிறது. ஆக "டிரைவரில் திருத்தப்பட்டது" என்ற வரி அவர்கள் பேக்கேஜை வைத்தே பொய்யாகிறது.

பழைய சப்போர்ட் ஆள்:
அருமை, உங்கள் கையில் இருப்பதிலேயே கனமான சான்று இதுதான். மற்ற இரண்டுக்கும் உங்கள் நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று தட்டிக்கழிப்பார்கள், இதற்கு முடியாது, அவர்களே பேக்கேஜைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் சப்போர்ட்டில் பல வருஷம் இருந்தவன், உள்ளே எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். கருத்துப் பெட்டியில் விழுவது எழுத்துப் பிரிவுக்குப் போகும். அவர்கள் எழுத்துப்பிழையைத் திருத்துவார்கள், தொழில்நுட்ப வரியைத் தொட இன்ஜினியரிங் ஆள் ஒருவர் சரி சொல்ல வேண்டும், அவரோ கேஸ் நம்பர் இல்லாத எதையும் திறந்துகூடப் பார்க்க மாட்டார். அதனால் ஏஎம்சி (வருடாந்தர பராமரிப்பு ஒப்பந்தம்) உள்ள சர்வரின் சீரியல் நம்பரில் கேஸ் திறங்கள். தலைப்பிலேயே டாக்குமென்டின் எண், அதன் திருத்தத் தேதி, "உள்ளடக்கம் தவறு" என்று இருக்கட்டும். விஎம் விழும் பிரச்சினையை அதே கேஸில் கலக்காதீர்கள். கலந்தால் விஎம்க்யூ நிறுத்தியாயிற்று, வேலை செய்கிறது, கேஸ் மூடலாமா என்று கேட்டு மூடிவிடுவார்கள், அவர்களுக்கு அதில்தான் மார்க்.

முதல் ஆள் டாக்குமென்டை வாசித்துக் காட்டினால் கோபப்பட வேண்டாம், அடுத்த நிலைக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். முக்கியமாக, இது தப்பு என்பதோடு நிறுத்தாமல் மாற்றி வைக்க வேண்டிய வரியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இன்ஜினியர் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும்படி இருந்தால் அன்றைக்கே நகரும், அவரே உட்கார்ந்து எழுத வேண்டும் என்றால் மாசக்கணக்கில் கிடக்கும். ஏஎம்சி புதுப்பிக்கும் நேரம் என்றால் விற்பனை ஆளிடமும் கேஸ் நம்பரைக் கொடுத்து வையுங்கள், அவர் போடும் ஒரு மெயிலுக்கு உள்ள மரியாதை நம் பத்து மெயிலுக்குக் கிடையாது.

நடுநிசி அட்மின்:
கேஸ் திறந்துவிட்டேன், தலைப்பு நீங்கள் சொன்ன மாதிரியே. மாற்று வரி இப்படிக் கொடுத்திருக்கிறேன்: "டீமிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தப் பிரச்சினை வரும். விஎம் செட்டிங்கில் மாற்றுவது போதாது, ஹோஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு ஃபிசிக்கல் அடாப்டரிலும் விஎம்க்யூவை நிறுத்தவும்." கிளைத் தம்பிக்கும் இதையே அனுப்பியாயிற்று.

சந்தேகச் செல்வி:
"வரும்" என்பதை "வருவதைக் கண்டிருக்கிறோம்" என்று மாற்றி, எந்த மாடல், எந்தக் கோப்பு வெர்ஷன் என்று பக்கத்திலேயே போடுங்கள். டிரைவர் மாற்றிய பிறகு செட்டிங்கை மறுபடி சரிபார்க்கவும் என்ற வரியும் விட்டுப்போயிருக்கிறது.