மலிவு செல்ஃப் டிரைவ் கார்: லாபமா, தலைவலியா?

மேடவாக்கம்வாசி

போன வாரம் அப்பா, அம்மா, மனைவி, நான் நாலு பேரும் கொல்லிமலைக்குப் போயிட்டு வந்தோம். டிரைவர் இல்லாம நாமளே ஓட்டிக்கற செல்ஃப் டிரைவ் கார்தான், இருக்கறதுலயே குறைஞ்ச வாடகைக்கு 1,000 சிசி சின்ன வண்டி ஒண்ணு எடுத்தேன். நாளுக்கு 2,400 ரூபாய், மூணு நாள், டெபாசிட் 5,000. கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து, முறையா வாடகைக்குன்னே பதிவான வண்டிதான்.

காரவள்ளியில மலை ஏற ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவுலயே ஏசியை நிறுத்தியாச்சு. முதல் கியர்லயே முக்கி முக்கி ஏறிச்சு. அம்மா சீட் கம்பியை இறுக்கிப் பிடிச்சிட்டுக் கண்ணைத் திறக்கவே இல்ல. அதுகூடப் பரவாயில்ல. இறங்கி வந்து காளப்பநாயக்கன்பட்டிகிட்ட முன்பக்க இடது டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தா ஸ்டெப்னி மொட்டையா வழவழன்னு இருக்கு, ஓரத்துல கம்பி தெரியுது. ஜாக்கி இருக்கு, அதைச் சுத்தற கைப்பிடி இல்ல. ரோட்டோரம் டிராக்டர் நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் தன்னோட ஜாக்கியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். பணம் நீட்டினா வாங்கல.

சென்னை வந்து வண்டியை விட்டா, கம்பெனி ஆள் செல்போன் லைட்டை அடிச்சுக் குனிஞ்சு பார்த்து, முன் பம்பருக்கு அடியில கீறல்னு 11,800 ரூபாய்க்கு பில் போட்டார். டெபாசிட் 5,000 போக இன்னும் 6,800 கட்டணுமாம். அது நான் போட்ட கீறல் இல்ல. இனிமே எனக்கு டிரைவரோட வர்ற டாக்ஸி போதும். நீங்களும் யோசிச்சு எடுங்க.

நெல்லைச்சாலை

நண்பரே, பட்ட சிரமம் புரியுது. ஆனா எல்லாருக்கும் "எடுக்காதீங்க"ன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். 2017-லேர்ந்து இருபது தடவைக்கு மேல எடுத்திருக்கேன், எல்லாமே சின்ன கார். டெபாசிட்ல ஒரு ரூபாய் போனதில்ல.

ஒரு அனுபவம் சொல்றேன். பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி, அப்பா கீழ விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சுன்னு திருநெல்வேலியிலேர்ந்து போன். பஸ், ரயில் எதுலயும் இடம் இல்ல. டாக்ஸிக்காரங்க யாரும் வரல, பண்டிகைக்கு அவங்களும் ஊருக்குப் போயிட்டாங்க. பதினோரு மணிக்கு ஒரு வேகன் ஆர் கிடைச்சது. தம்பியும் நானும் மாத்தி மாத்தி ஓட்டினோம். துவரங்குறிச்சி தாண்டி விடியக்காலை ஒரு டீ, அவ்வளவுதான் நிறுத்தம். அப்பாவை ஆபரேஷனுக்குள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி அவர் முகத்தைப் பார்த்துட்டேன். அந்த 620 கிலோமீட்டருக்கு நான் கொடுத்த வாடகையைச் செலவாவே நினைக்கல.

அப்புறம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதும் அதே வண்டியிலதான். வேகன் ஆர்ல சீட் உயரம். பின்பக்கமா அப்படியே உட்கார்ந்து, காலை மெதுவா உள்ள திருப்பிக்கிட்டார். தாழ்வான பெரிய கார்னா குனிஞ்சு இறங்க வேண்டியிருந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட்டே வந்து பார்த்துட்டு இதுதான் சரியான வண்டின்னார்.

உங்க விஷயத்துல தப்பு வண்டி எடுத்த நேரத்துல நடந்திருக்கு. சாவி வாங்கினதும் நான் நம்பர் பிளேட்ல ஆரம்பிச்சு, நிறுத்தாம ஒரே வீடியோவா வண்டியைச் சுத்தி வருவேன். பம்பருக்கு அடியில போனை நீட்டுவேன். நாலு டயர், ஸ்டெப்னி, ஜாக்கி, கைப்பிடி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எல்லாம் அதுலயே வந்துடும். டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2318-னு இருந்தா 2018-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்ச டயர். ஆறு வருஷம் தாண்டியிருந்தா மலைக்கு அந்த வண்டி வேண்டாம்னு சொல்லிடுவேன்.

மேடவாக்கம்வாசி

நெல்லைச்சாலை அண்ணா, அப்பா நல்லபடியா தேறினதுல சந்தோஷம். ஆனா ஒண்ணு கேக்கறேன். காலையில அஞ்சு மணி, அடித்தள பார்க்கிங், ஒரு டியூப் லைட். அப்பா அம்மா பையோட நிக்கறாங்க. நான் படுத்து பம்பருக்கு அடியில பார்க்கணுமா? ஸ்டெப்னியில கம்பி தெரியுதான்னு பார்க்கறது வாடகை வாங்கறவங்க வேலையா, கொடுக்கற என் வேலையா? நாலு உயிரை ஏத்தி மலைக்கு அனுப்பறாங்க. டயர் பார்க்கத் தெரியாதவங்க எத்தனை பேர் எடுத்துட்டுப் போறாங்க?

ரெண்டுவண்டி

நான் கோயம்புத்தூர்ல ரெண்டு சின்ன கார் வாடகைக்கு விடறேன், ரெண்டும் கறுப்பு போர்டு. எங்க பக்கத்தையும் கேளுங்க.

முதல்ல, ஸ்டெப்னி விஷயத்துல தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி. அப்படி ஒரு டயரோட வண்டியை வெளிய விட்டது அந்தக் கம்பெனியோட குத்தம். அதுக்குச் சமாதானமே கிடையாது.

ஆனா பம்பர் கீறலுக்கு ஏன் இன்சூரன்ஸ்ல கேக்காம வாடிக்கையாளர் தலையில கட்டறோம்னு எல்லாரும் கேக்கறாங்க. ஒரு சின்ன கிளெய்ம் போட்டாலும் அடுத்த வருஷம் நோ கிளெய்ம் போனஸ் போயிடும். அது 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறற தள்ளுபடி. டயருக்கு மட்டும் சேதம்னா இன்சூரன்ஸ் பொதுவா தராது. கிளட்ச் தேய்மானத்துக்கும் தராது. போன மே மாசம் ஒருத்தர் ஊட்டிக்குப் போய்ட்டு வந்தார். சாவியை வாங்கி ஸ்டார்ட் பண்ணும்போதே கருகின வாசனை. மேட்டுல டிராஃபிக்ல ஹேண்ட்பிரேக் போடாம, அரை கிளட்ச்லயே வண்டியைப் பிடிச்சு நிறுத்தியிருக்கார். கழட்டிப் பார்த்தா பிளேட் நீலம் பாஞ்சு கிடக்கு. மூணு நாள் வாடகை மொத்தமும் அதுக்கே போச்சு, மேல கைக்காசும் போட்டேன்.

அதே நேரத்துல, கீறலுக்கு 11,800 ரொம்ப அதிகம். நான் போற பட்டறையில சின்ன கார் முன் பம்பருக்கு முழுசா பெயின்ட் அடிக்கவே 3,000 ரூபாய்தான் வாங்கறாங்க. பட்டறை பில்லைக் காட்டச் சொல்லுங்க தம்பி. பில் இல்லாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, வண்டி 80-க்கு மேல போகலன்னு புகார் பண்றவங்களுக்கு: கறுப்பு போர்டு வண்டியில வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அது பழுது இல்ல.

செம்மண்பாதை

கறுப்பு போர்டு வண்டின்னா சண்டை போடவாவது உங்களுக்கு ஒரு பில் இருக்கு. சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்கறவங்களுக்காக எழுதறேன்.

எங்க அண்ணன் தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட நாளுக்கு 1,500-க்குச் சொந்தப் பயன்பாட்டு கார் எடுத்தார். பல்லடம் ரோட்டுல ஒரு டூ வீலர் மேல மோதிடுச்சு. டூ வீலர் ஓட்டி வந்தவருக்குக் கால் முறிவு. இன்சூரன்ஸ் விசாரணைக்கு வந்தவர் நிதானமா கேட்டார்: "வண்டிக்காரர் உங்களுக்கு என்ன உறவு?" நண்பரோடதுன்னு அண்ணன் சொன்னார். அப்போ யுபிஐ விவரம் கேட்டாங்க. பணம் அனுப்பும்போது குறிப்புல "கார் வாடகை 3 நாள்"னு அண்ணனே டைப் பண்ணியிருந்தார்.

தனியார் கார் பாலிசியில வாடகைக்கு ஓட்டினா பொருந்தாதுன்னு தெளிவா போட்டிருக்கு. வண்டிச் சேதத்துக்கு ஒரு பைசா வரல. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதல்ல கொடுத்துட்டு, பிறகு வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம்னு தீர்ப்பாயங்கள் சொல்றது வழக்கம். அந்த வண்டிக்காரர் இப்போ அண்ணன்மேல பாயறார். வழக்கு நடந்துட்டிருக்கு. பர்மிட் இல்லாம வாடகைக்கு விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவுல 10,000 ரூபாய் அபராதம் தனி. அரசோட எம்பரிவாகன் செயலியில வண்டி நம்பரைப் போட்டா எந்த வகைப் பதிவு, இன்சூரன்ஸ் எது வரைக்கும்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். அதைப் பார்க்காம யாரும் சாவி வாங்காதீங்க.

பேரேடு

உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். மேடவாக்கம்வாசி போன பயணம் போக வர, உள்ளூர்ச் சுற்றலோடு 850 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன்.

செல்ஃப் டிரைவ்: வாடகை 7,200. மலையும் சேர்த்து லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்றால் 53 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் வீதம் ஏறத்தாழ 5,350. மொத்தம் 12,550.

டிரைவரோடு செடான் டாக்ஸி: கிலோமீட்டருக்கு 14 ரூபாய் வீதம் 11,900. டிரைவர் பேட்டா நாளுக்கு 500 வீதம் 1,500. மொத்தம் 13,400. டோல் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் 850 ரூபாய். அந்த 850 ரூபாய்க்காக டயர், கீறல், மலைப்பாதை என்று அத்தனை பொறுப்பையும் நீங்கள் தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள். நீண்ட பயணத்துக்கு மலிவு கார் மலிவே இல்லை என்பதுதான் என் கட்சி. ஒரு நாள் காஞ்சிபுரம், மாமல்லபுரம் என்றால் வேறு கணக்கு, அங்கே செல்ஃப் டிரைவ்தான் மலிவு. டாக்ஸிக்காரர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளுக்கு 250 கிலோமீட்டருக்குக் காசு வாங்குவார்.

நெல்லைச்சாலை

பேரேடு ஐயா, கணக்கு சரி. ஆனா நாலு பேர் போற டாக்ஸியில டிரைவர் அஞ்சாவது ஆள். நீங்க கோயில்ல ரெண்டு மணி நேரம் கூடுதலா உட்கார்ந்தா அவர் வெளியில காத்திருப்பார். ராத்திரி அவருக்கு ரூம் கொடுக்கற விடுதி எத்தனை இருக்கு? பலர் வண்டியிலேயே தூங்கி, காலையில நம்மளை மலையிறக்கத்துல ஓட்டிட்டு வர்றாங்க. தூக்கம் கெட்டவர் பின்னாடி உட்கார்றதைவிட, நல்லா தூங்கின நான் ஓட்டறது என் குழந்தைகளுக்குப் பாதுகாப்புன்னு நம்பறேன்.

பேரேடு

அது நியாயமான பயம். டிரைவர் தூங்க இடம் இருக்கிறதா என்று பார்த்து விடுதி பதிவு செய்வது என் வழக்கம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மலையில் ஓட்டிப் பழகாதவர், பழக்கமில்லாத வண்டியில், வயதான பெற்றோரோடு 70 வளைவு ஏறுவதை என்னால் ஆதரிக்க முடியாது.

ரெண்டுவண்டி

அதுல ஐயாவோட சேர்ந்துக்கறேன். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்கணும். நியூட்ரல்ல விட்டு பிரேக்கை மட்டும் மிதிச்சா, பாதி மலையிலயே பிரேக் சூடேறி மிதி பஞ்சு மாதிரி ஆயிடும். இதை ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் சாவி கொடுக்கும்போதே சொல்றேன். 800 சிசி, 1,000 சிசி வண்டியை நாலு பெரியவங்களோட மலைக்குக் கேட்டா 1,200 சிசி எடுத்துக்கங்கன்னு சொல்லிடுவேன். வாடகை 300 ரூபாய் கூட வரும்.

மேடவாக்கம்வாசி

ரெண்டுவண்டி அண்ணா சொன்னபடி பட்டறை பில் கேட்டு மெயில் போட்டேன். ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள், "6,800 கட்ட வேண்டாம், டெபாசிட்டைத் திருப்பித் தர முடியாது"ன்னு ஒரு வரி வந்தது. பில் இன்னும் வரல. ஸ்டெப்னியைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. 1915-ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கேன். அதுல சரியாகலன்னா இ-ஜாக்ரிதி தளத்துல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடப்போறேன். நாம கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கம்பி தெரியற அந்த டயரை என் மனைவி அங்கயே ரோட்டுல போட்டோ எடுத்து வச்சிருக்கா, அதுதான் முதல் ஆவணம்.

நேத்து ராத்திரி நெல்லைச்சாலை அண்ணா எழுதினதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அடுத்த மாசம் அவங்களைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு முட்டியும் வலி. "அந்த உசரமான காரையே பாருடா, நான் முன்னாடி உட்கார்ந்துக்கறேன்"னாங்க. தாம்பரம் பக்கம் டயர் நல்லா இருக்கற கறுப்பு போர்டு வேகன் ஆர் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க. பகல்ல வந்து பார்த்துட்டு எடுத்துக்கறேன்.