புதுப்பிப்பு: 43 இன்ச் டிவி, பட்ஜெட்டா மிட் ரேஞ்சா?

செங்கோட்டை, புளியரை பக்கத்து ஆட்களுக்கு 'மிட் ரேஞ்சே எடுங்க' என்று முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். சீரியல், செய்தி மட்டும்தான் என்றால் 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்) பட்ஜெட் டிவியே போதும். ஆனால் ரேம் 2 ஜிபி இருக்கணும். 1 ஜிபி என்றால் ரெண்டு அப்டேட்டிலேயே யூடியூப் திறக்க முக்கும்.

'எச்டிஆர்' (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தை நன்றாகக் காட்டும் வசதி) என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்காதீங்க. 250–300 நிட்ஸ் (வெளிச்ச அளவு) மட்டுமே உள்ள பேனலில் அது வெறும் ஸ்டிக்கர்தான். கடையில் இருட்டுக் காட்சி ஒன்றை ஓடவிடச் சொல்லுங்க. திரை முழுக்கக் கருப்பு சாம்பலாக வெளுத்தால் லோக்கல் டிம்மிங் (இருட்டான பகுதியில் மட்டும் பின்விளக்கைக் குறைக்கும் வசதி) இல்லை. சப்டைட்டில் எழுத்தைச் சுற்றி மட்டும் வெளிச்சம் படர்ந்தால் அது இருக்கிறது, தனித்தனியாக மங்கும் பகுதிகள் (ஜோன்)தான் குறைவு.

ஓணம் ஆஃபருக்குக் கேரளாவில் இருக்கும் புனலூர் போகலாமா? தள்ளுபடி பிடித்தால் போங்க. வரி ரெண்டு பக்கமும் ஒன்றே: 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான்.

ஐப்பசி இடிக்கு பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றணும். ஸ்டெபிலைசர் இடியைத் தடுக்காது.