பேனும் கீரிப்பூச்சியும் மருந்துக்குப் பிறகும் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: இரு குழந்தைகளின் தாய்

வணக்கம். எனக்கு 9 வயதில் ஒரு மகளும் 6 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகளின் தலையில் பேன், மகனுக்குக் கீரிப்பூச்சி என்று இரண்டு மாதங்களுக்கு மேலாக இந்த இரண்டிலிருந்தும் எங்கள் வீடு மீளவில்லை.

மகளுக்குப் பெர்மெத்ரின் லோஷனைத் தடவினேன். மறுநாள் சீவியபோது செத்த பேன்கள் உதிர்ந்தன. இருந்தாலும் மனம் ஆறாமல், மூன்றாம் நாள் மறுபடியும் ஒரு முறை தடவினேன். இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு மீண்டும் சொறியத் தொடங்கிவிட்டாள். மகனோ இரவில் படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆசனவாய் அரிக்கிறது என்று அழுதுகொண்டே எழுந்துவிடுவான். ஓர் இரவு டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது, வெள்ளை நூல் துண்டு போன்ற ஒன்று நெளிவதை என் கண்ணாலேயே கண்டேன். ஆனால் அதற்கு முன்பே செய்திருந்த மலப் பரிசோதனையில் பூச்சி எதுவும் இல்லை என்றே வந்திருந்தது. மருத்துவர் அல்பெண்டசோல் மாத்திரை எழுதித் தந்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை கொடுக்கச் சொன்னார். முதல் மாத்திரையிலேயே அரிப்பு நின்றுவிட்டதால் இரண்டாவதை நான் கொடுக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து அதே தொல்லை திரும்பிவிட்டது.

குழந்தைகளை நாள்தோறும் குளிப்பாட்டி, துவைத்த உடையைத்தான் போடுகிறேன். அப்படியிருந்தும் எங்கே தவறுகிறேன் என்று விளங்கவில்லை. மகளின் முடியை ஒட்ட வெட்டிவிடு என்கிறார் மாமியார். அதைக் கேட்டதிலிருந்து அவள் முகமே சரியில்லை. பள்ளியில் சொன்னால் மற்றப் பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: மூன்று மகள்களின் தந்தை

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது, சகோதரி. இரண்டாம் முறை தடவ வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரி. மூன்றாம் நாளில் தடவியதுதான் பிசகு. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் வரை ஆகும். பெர்மெத்ரின் நடமாடும் பேன்களைக் கொல்லுமே தவிர, ஓட்டுக்குள் இருக்கும் ஈரை நம்பத்தக்க அளவில் கொல்லாது. நீங்கள் மூன்றாம் நாள் தடவியபோது சாவதற்கு அங்கே பேன் ஏதும் இருந்திருக்காது. எஞ்சிய ஈர்கள் அதன் பிறகு நிதானமாகப் பொரிந்திருக்கும். ஈர்கள் பொரிந்த பின்பு, ஆனால் குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடுவதற்கு முன்பு இரண்டாம் முறை தடவ வேண்டும். 9ஆம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால், வளர்ந்த ஒரு பெண் பேன் நாளொன்றுக்கு ஏழெட்டு ஈர் ஒட்டும். கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

எங்கள் வீட்டில் பேன் பார்ப்பது என் வேலை. லோஷனைவிட ஈர முடியில் சீவுவதையே நான் பெரிதும் நம்புகிறேன். காய்ந்த முடியில் பேன் சட்டென்று ஓடி ஒளிந்துகொள்ளும். முடியை நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவினால் அதனால் ஓட முடியாது. முதலில் அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, முடியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பின் பற்கள் தலைத்தோலைத் தொடும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தால், எள் அளவிலுள்ள பெரியதும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத குஞ்சும் அகப்படும். காதுக்குப் பின்புறத்தையும் பிடரியையும் இரண்டு முறை சீவுங்கள். அவை அதிகம் தங்கும் இடம் அதுதான். நீண்ட முடிக்கு அரை மணி நேரம் ஆகும். என் நடு மகள் அரை நிமிடம்கூட ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால், அவள் தலையைச் சீவும்போதெல்லாம் மூத்தவள் கதை வாசித்துக் காட்டுவது எங்கள் வீட்டு ஏற்பாடு.

இதை 1, 5, 9, 13 ஆகிய நாள்களில் செய்து, 17ஆம் நாள் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை என்பதற்குக் காரணம் உண்டு: இடைப்பட்ட நாள்களில் பொரிந்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை எட்டுவதற்குள் சீப்பில் வந்துவிடும். ஒரு முறை விட்டுப்போனால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முடியை வெட்டுவது பற்றி: பேன் உயிர்வாழத் தலைத்தோலை ஒட்டிய சில மில்லிமீட்டர் முடியே போதும். தோள் வரை இருப்பதைக் கழுத்து வரை குறைத்தால் சீவும் வேலை எளிதாகும், அவ்வளவுதான். பிள்ளையை அழவைத்து அடையும் பயன் ஏதும் அதில் இல்லை என்பது என் கருத்து. இன்னொன்று, முடியின் நடுவிலோ நுனியிலோ வெள்ளையாக ஒட்டியிருப்பதைக் கண்டு பதற வேண்டாம். பேன் தலைத்தோலை ஒட்டித்தான் முட்டையிடும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதற்கு மேல் விலகியிருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் ஓடாகவே இருக்கும். ஊதினால் பறப்பது பொடுகு. நகத்தால் உருவியெடுக்க வேண்டியிருந்தால் ஈர்.

பதில்: மருந்தாளுநர்

மேலே சொல்லப்பட்ட நாள் கணக்கு சரியானது. லோஷன் தடவும் முறையைப் பற்றி ஒரே ஒரு சேர்க்கை. ஒரு விழுக்காடு பெர்மெத்ரினைத் தடவுவதற்கு முன் கண்டிஷனர் போடக்கூடாது. அது முடியின் மேல் படிந்து மருந்தைத் தடுத்துவிடும். கண்டிஷனர் இல்லாத ஷாம்பூவால் அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, லோஷனைத் தடவிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும்; அதன் பிறகு இரண்டு நாள் தலைக்கு ஊற்றாமல் இருப்பது நல்லது. பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அவை அந்த மருந்துக்குப் பழகிவிட்டவை என்று கொள்ளலாம். அப்போது அதையே மேலும் மேலும் தடவாமல், மருத்துவரைக் கேட்டு டைமெதிகோன் போன்ற வேறொன்றுக்கு மாறுங்கள். அது நஞ்சு அல்ல. பேனின் மேல் படலமாகப் படிந்து அதைச் செயலிழக்கச் செய்வதால், பேன்கள் அதற்குப் பழகிவிடும் வாய்ப்பும் குறைவு. மண்ணெண்ணெயையும் பூச்சிக்கொல்லிகளையும் எக்காரணம் கொண்டும் குழந்தையின் தலையில் தடவ வேண்டாம். கற்பூரம் கரைத்த எண்ணெயும் அப்படியே. கற்பூரம் குழந்தையின் உடலுக்குள் சென்றால் வலிப்பு வரக்கூடும்.

இனி உங்கள் மகனைப் பற்றி. நீங்கள் கண்டது கீரிப்பூச்சிதான். நூற்புழு என்று சொல்வதும் இதையே. மலப் பரிசோதனை பொய் சொல்லவில்லை, தவறான இடத்தில் தேடியது. பெண் புழு குடலுக்குள் முட்டையிடுவதில்லை. குழந்தை உறங்கிய பிறகு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒட்டிவிட்டு இறந்துபோகும். ஆகவே மலத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உறுதி செய்ய வேண்டுமானால், காலையில் எழுந்தவுடன், கழுவுவதற்கு முன்பே, ஒட்டு நாடாவின் பசைப்பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி அழுத்தியெடுத்து ஆய்வகத்தில் கொடுப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் தெரிந்துவிடும். உங்களுக்கு அது தேவையில்லை, நீங்கள்தான் புழுவையே பார்த்துவிட்டீர்களே.

அந்த முட்டைகள் நான்கு முதல் ஆறு மணி நேரத்திலேயே தொற்றும் நிலையை அடைந்துவிடும். அரிப்பெடுத்த பிள்ளை உறக்கத்தில் சொறிவான், முட்டை நகக்கண்ணில் ஏறும், விடிந்ததும் விரல் வாய்க்குப் போகும். விழுங்கிய முட்டை புழுவாகி, அது மறுபடியும் முட்டையிட வெளியே வர ஒரு மாதம் அல்லது சற்று அதிகம் ஆகும். உங்கள் ஐந்து வாரக் கணக்கு இதனோடு அப்படியே பொருந்துவதைப் பாருங்கள். மாத்திரை புழுக்களைத்தான் கொல்லும், முட்டைகளை அல்ல. முதல் வேளைக்குப் பின் வாய்வழி உள்ளே போன முட்டைகள் புழுவானதும், அவை முட்டையிடத் தொடங்கும் முன் அழிப்பதற்காகத்தான் இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வேளை தரப்படுகிறது. அரிப்பு நிற்பதை வைத்து அதை விட்டுவிடுவது மிகப் பலர் செய்யும் பிழை. என்னிடம் மாத்திரை வாங்க வருபவர்களில் இரண்டாவதை வேண்டாம் என்று சொல்லாதவர்கள்தான் குறைவு.

அதைவிட முக்கியமானது, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் உட்கொள்வது. அரிப்பே இல்லாமல் புழுவைச் சுமப்பவர்கள் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

பள்ளிகளில் குறித்த இடைவெளியில் தரப்படும் பூச்சி மாத்திரை போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அது முக்கியமாக மண் வழியாகப் பரவும் உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு ஆகியவற்றைக் குறிவைத்துத் தரப்படுவது. ஒரு வேளையோடு முடிவதால் கீரிப்பூச்சிச் சுழற்சியை அது அறுப்பதில்லை. இனிப்புத் தின்றதால் பூச்சி வந்தது என்று பிள்ளையைத் திட்டவும் வேண்டாம், பல்லை நறநறவென்று கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி என்று முடிவு செய்யவும் வேண்டாம்.

பதில்: ஆரம்பப் பள்ளி ஆசிரியை

பள்ளியில் தயங்காமல் சொல்லுங்கள், அம்மா. பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை சேர்ந்தால் ஊர்ந்து ஏறும். ஒரே புத்தகத்தின் மேல் நான்கு தலைகள் குனிந்திருக்கும் வகுப்பறையில் அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எவராலும் சொல்ல முடியாது. அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றாடம் தலைக்குக் குளிக்கும் பிள்ளைகளிடமும் நான் கண்டிருக்கிறேன். நீங்கள் சொன்னால் நாங்கள் பெயர் குறிப்பிடாமல் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு குறிப்பு அனுப்புவோம். எல்லாரும் ஒரே வாரத்தில் பார்த்தால்தான் உங்கள் உழைப்பும் வீணாகாது.

பேன் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கத் தேவையில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் இதையே சொல்கிறது. முதன்முறை பேன் தொற்றியவர்களுக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதாவது, நாம் கண்டுபிடிக்கும் நாளில் அது பல வாரங்களாக வகுப்பிலேயே இருந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பி என்ன பயன்? சக ஆசிரியர் ஒருவர் ஒரு முறை வகுப்பின் நடுவில் ஒரு சிறுமியின் வகிட்டைப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிள்ளை அந்த ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். உங்கள் மகளிடம் பள்ளியில் யாரேனும் ஏதும் சொன்னார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று எல்லோர் தலையையும் ஈரத்தில் சீவிப் பார்த்தேன். என் தலையில் நான்கும் மாமியார் தலையில் ஒன்றும் கிடைத்தன. முடியை வெட்டும் பேச்சு அதோடு நின்றுவிட்டது. மகளிடம் கேட்டேன், பள்ளியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், நான்தான் நாள்தோறும் முகம் சுளிக்கிறேனாம்.

இன்னும் சில ஐயங்கள். எனக்கு அரிப்பே இல்லை, எதற்கு மாத்திரை என்று கணவர் மறுக்கிறார். மெத்தை, தலையணை, சோபா எல்லாவற்றையும் என்ன செய்வது? மருந்து தடவிய பிறகும் மகள் சொறிந்தால் பேன் சாகவில்லை என்று பொருளா?

பதில்: மருந்தாளுநர்

உங்கள் கணவருக்கு அரிப்பு இல்லாதது புழு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அவர் ஒருவர் விடுபட்டால், மற்ற அனைவரும் விழுங்கியது வீணாகலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியதில்லை. பேன் மனிதத் தலையை விட்டு விழுந்தால் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டால் போதும். சோபாவுக்கு மருந்து அடிக்கும் வேலையே வேண்டாம். கீரிப்பூச்சியின் முட்டைதான் பிடிவாதமானது, துணியிலும் தரையிலும் இரண்டு மூன்று வாரம் வரை உயிரோடு கிடக்கும். மாத்திரை கொடுத்த மறுநாள் காலை, படுக்கை விரிப்பையும் இரவு உடையையும் உதறாமல் அப்படியே சுருட்டியெடுத்து வெந்நீரில் துவையுங்கள். உதறினால் முட்டைகள் காற்றில் பறந்து எங்கும் படியும். தரையை ஈரத்துணியால் துடையுங்கள். அதன் பின் இரண்டு வாரத்துக்கு மகனின் நகங்களை ஒட்ட வெட்டி, இரவில் இறுக்கமான உள்ளாடை அணிவித்து, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கழுவிக் குளிப்பாட்டுங்கள். இரவில் இட்ட முட்டைகளில் பெரும்பகுதி அந்தக் குளியலிலேயே போய்விடும். மாலைக் குளியலால் இந்தப் பயன் கிடைக்காது. உணவுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதை வீட்டிலுள்ள அனைவரும் கடைப்பிடிக்க வேண்டும்.

பேனின் எச்சில்தான் தோலை அரிக்கச் செய்கிறது. பேன் செத்த பிறகும் சில நாள், சிலருக்குச் சில வாரம் அரிப்பு நீடிக்கும். ஆகவே சொறிவதைப் பார்த்து மறுபடியும் லோஷனை எடுக்காதீர்கள், சீப்பை எடுங்கள். உயிருள்ள பேன் வந்தால் மட்டுமே மருந்து. தலைத்தோலில் புண்ணாகி நீர் வடிந்தாலோ, பிடரியில் நெறி கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மகளுக்கும் இரவில் பிறப்புறுப்பில் அரிப்போ சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ இருக்கிறதா என்று கேளுங்கள். பெண் குழந்தைகளுக்குப் புழு அங்கும் ஊர்ந்து போவதுண்டு, வெட்கத்தால் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

லோஷனும் மாத்திரையும் ஒரே நாளில் தொடங்கினால், லோஷனுக்கு 9ஆம் நாளையும் மாத்திரைக்கு 14ஆம் நாளையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை முழு மாத்திரையை விழுங்கத் திணறுவான். நன்றாக மென்று தின்னச் சொல்லுங்கள், அல்லது பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.