உப்புவெளி வீட்டார் (குடும்பக் குழு)

ராணி: கவியின் கணித வகுப்பில் ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். நாளைக் காலை பெற்றோர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டுமாம். கவியின் அப்பா கட்டாரில். நான் வைத்தால் போதுமா?

ராணி: [படம்]

குமார்: தலைகீழாக இருக்கு

ராணி: [படம்]

பவா: இப்போது உங்கள் பெருவிரல்தான் தெரியுது மச்சாள் 😄

ராணி: சரி, நானே எழுதுகிறேன். வீட்டில் தினமும் இரண்டு மணித்தியாலம் கணக்குச் செய்ய வேண்டும். பிழைத்த கணக்கைத் தனிக் கொப்பியில் திரும்பச் செய்ய வேண்டும். விடை மட்டும் எழுதினால் புள்ளி இல்லை. கல்குலேட்டர் கொண்டுவரக் கூடாது. கடைசியில், பெற்றோர் ஒவ்வொரு இரவும் கொப்பியைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். அதுதான் எனக்குப் பயம். நான் ஆர்ட்ஸ்காரி.

வசந்தி: இங்கே ஸ்காபரோவில் மகனுடைய ஏபி கல்குலஸ் (பள்ளியிலேயே படிக்கும் பல்கலைக்கழக மட்ட நுண்கணிதம்) வகுப்பிலும் முதல் நாளே இப்படி ஒரு தாள் தந்தார்கள். ஆனால் கல்குலேட்டர் விடுவார்கள் அக்கா. சோதனையில் பல்தேர்வு 45இல் 15க்கும், எழுதும் கேள்வி 6இல் 2க்கும்.

குமார்: கனடா வந்துவிட்டது

வசந்தி: கேட்டதுக்குச் சொன்னேன்

குமார்: யார் கேட்டது

பெரியண்ணா: எல்லாரும் கொஞ்சம் பொறுங்கள். ராணி, அந்தப் படிவத்தில் பிழை ஒன்றுமில்லை, கடைசி வரியைத் தவிர. ஏ எல், அதாவது பல்கலைக்கழகத்துக்குப் போக எடுக்கும் உயர்தரச் சோதனையில், இணைந்த கணிதத்துக்கு இரண்டு வினாத்தாள். தூய கணிதம் ஒன்று, பிரயோக கணிதம் ஒன்று, ஒவ்வொன்றும் மூன்று மணித்தியாலம். பகுதி ஏயில் 10 கேள்வி, தலா 25 புள்ளி, எல்லாம் செய்ய வேண்டும். பகுதி பியில் 7இல் 5, தலா 150. ஆக 1000. முதல் தாளில் 14ஆவது கேள்வி வழக்கமாக வகையீடு, 15ஆவது தொகையீடு. இரண்டையும் விட்டுவிட்டால் பகுதி பியில் தெரிவு செய்ய ஒன்றும் மிஞ்சாது, மற்ற ஐந்தையும் செய்தே ஆக வேண்டும். இனி முக்கியமான விசயம். பிள்ளைகள் விழுவது இந்த இரண்டும் சேர்ந்த நுண்கணிதத்தில் அல்ல, அதற்கு முந்திய அட்சரகணிதத்தில். தொகையிடத் தெரியும், பெரிய பின்னத்தைச் சிறு சிறு பகுதிப் பின்னமாகப் பிரிக்கத் தெரியாது. எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸ் என்று எழுதுவார்கள், மட்டு எக்ஸ், அதாவது குறி நீக்கிய எக்ஸ், என்று எழுத மாட்டார்கள். பெறுதி பூச்சியம் என்றவுடன் உயர்வுப் புள்ளி என்று முடித்துவிடுவார்கள், இரண்டு பக்கமும் குறி மாறுகிறதா என்று பார்க்க மாட்டார்கள். சைனை வகையிட்டால் கோசைன் வருவது கோணம் ஆரையனில் இருந்தால்தான், பாகையில் வராது. இதையெல்லாம் தாய் பார்த்துக் கையெழுத்து வைப்பதாம். நல்ல கதை.

குமார்: 👍

பவா: 🙏

தினேஷ்: தொகையீட்டு விடையின் கடைசியில் போடும் மாறிலியை அப்பா விட்டுவிட்டார். கூட்டல் சி. எனக்கு அதற்கு அடியே விழுந்தது.

பெரியண்ணா: இன்னும் விழும்

கவி: பிழைத்த கணக்குக் கொப்பி என்னிடம் இல்லை

ராணி: எங்கே?

கவி: மான்

வசந்தி: என்ன மான்?

கவி: கோட்டைக்குப் பக்கத்தில் பேருந்துக்கு நின்றேன் சின்னம்மா. பை திறந்திருந்தது. பாதியைத் தின்றுவிட்டது.

குமார்: அந்த மானுக்குப் பல்கலைக்கழகம் போகிற இசட் புள்ளி நல்லா வரும் 😂😂

தினேஷ்: எந்தப் பாதி? தொகையீடா?

கவி: ஓம்

வசந்தி: பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலைக்கு மாவட்டக் கோட்டா இருக்குத்தானே. ஏன் பிள்ளையை இந்தப் பாடு படுத்துகிறீர்கள்?

தினேஷ்: மாமி, 40 வீதம் தீவு முழுக்கத் திறமை, 55 மாவட்டம், மிச்சம் 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பட்டியலில் இருக்கிறதுதான். ஆனால் பொறியியல் பீடத்தில் முதல் தவணைச் சோதனைக்கு மாவட்டம் கேட்க மாட்டார்கள். நான் அங்கே முழித்த முழி எனக்குத்தான் தெரியும்.

பவா: கொமர்ஸ் போட்டால் என்ன? என் தங்கை மகள் இப்போது வங்கியில்.

ராணி: அவள் விருப்பப்பட்டு எடுத்தது. நான் கேட்டபோதும் மெத்ஸ்தான் கேட்டேன். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்று அப்பா சொன்னபோது பெரியண்ணாவும் அவர் பக்கம்தான் நின்றார். அப்போது யாரும் படிவம் தரவில்லை.

குமார்: இன்றைக்குப் பாரை மீன் கிலோ என்ன விலை?

பவா: நீங்கள் சும்மா இருங்கள்

வசந்தி: அக்கா 😔

பெரியண்ணா: அப்பாவின் முடிவு அது.

ராணி: ஓம்.

கவி: என்னிடம் யாராவது கேட்பீர்களா? நான் மாற மாட்டேன். இரண்டு மணித்தியாலம் செய்வேன். கரண்ட் இருந்தால்.

பெரியண்ணா: சனிக்கிழமை பின்னேரம் இங்கே வா. பகுதிப் பின்னத்திலிருந்து தொடங்குவோம். கொப்பியைப் பார்ப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கவி: சனி டியூசன் இருக்கு பெரிய மாமா

பெரியண்ணா: ஞாயிறு.

பவா: ஞாயிறு பத்திரகாளி கோயிலுக்குப் போவதாகத்தானே கதை? வான் சொல்லியாச்சு.

தினேஷ்: வானில் எனக்கும் ஒரு இடம்

குமார்: கொழும்பில் இருந்து வருகிறாயா? கடந்த முறையும் இப்படித்தான் சொன்னாய்

ராணி: அதை விடுங்கள். கையெழுத்து யார்?

வசந்தி: அத்தானின் கையெழுத்தை நீங்களே போடுங்கள் அக்கா, யாருக்குத் தெரியும்

பெரியண்ணா: அது கூடாது. தாய் என்று தன் பெயரிலேயே வைக்கட்டும். கடைசி வரிக்குப் பக்கத்தில் "தாய்மாமன் பார்ப்பார்" என்று எழுது.

ராணி: எழுதினால் வாங்குவார்களோ தெரியாது

கவி: நான் 6.20 பேருந்துக்குப் போக வேண்டும். நித்திரை கொள்ளப் போகிறேன்.

அத்தான் கட்டார்: எந்தப் படிவம்?

குமார்: மேலே போய் வாசியுங்கள் அத்தான்

அத்தான் கட்டார்: மான் என்ன மான்?