நேர் கீழே இறங்கும் தூண்டிலுக்கு எந்தக் கட்டு: ஓடும் ஈயமா, அடி ஈயமா?

ஹற்றன் தூண்டில்:

மலையகத்தில் தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் கிழக்குக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் என்பதால், நம்மில் பலர் அந்தக் காலத்தில்தான் கண்டி, தம்புள்ளை வழியாகத் திருகோணமலைக்கு இறங்கி, அங்கே படகேறி ஆழக்கடல் பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்) தூண்டில் போடுகிறோம். அப்படிப் போகிறவர்களில் அநேகர், காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கக் கரைகளில் பழகிய ஓடும் ஈயக் கட்டினை, அதாவது துளையுள்ள ஈயம் பிரதான நூலில் தடையின்றி ஓட, அதற்குக் கீழே சுவிவலும் (நூல் முறுகாமல் சுழலும் இணைப்பு வளையம்) நீண்ட லீடரும் (முள்ளைத் தாங்கும் முனை நூல்) ஒற்றை முள்ளும் வருகிற கட்டினை, அப்படியே கடலுக்கும் கொண்டுபோகிறார்கள். 30 பாகம் ஆழத்தில், அதாவது ஏறக்குறைய 55 மீற்றரில், நேர் கீழே இறக்கும் தூண்டிலுக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. ஈயம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க, முட்கள் அதற்கு மேலே, நூலிலிருந்து பக்கவாட்டில் பிரியும் பக்கக் கண்ணிகளில் நிற்கிற அடி ஈயக் கட்டுத்தான் அங்கே வேண்டும்.

முதற் காரணம், தூண்டில் இறங்கும்போதே நடக்கும் சிக்கல். ஈயம் வேகமாக விழுகிறது. இரை மெதுவாக விழுகிறது. ஆகவே ஒன்றரை மீற்றர் லீடர் முழுவதும் மேல்நோக்கி மடங்கி, பிரதான நூலோடு ஒட்டிக்கொண்டு, சுழன்று சுழன்று அதைச் சுற்றிக்கொள்கிறது. கரையிலிருந்து வீசும்போது 5 அல்லது 6 மீற்றர் ஆழமே இருப்பதால் இது பெரிதாகத் தெரிவதில்லை. 55 மீற்றர் விழும்போது சுற்றுவதற்குத் தாராளமாக நேரம் இருக்கிறது. கீழே போய்ச் சேர்ந்தது சிக்கலான ஒரு முடிச்சு என்பது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. மீன் கடிக்கவில்லை என்று இடத்தைக் குறை சொல்லிக்கொண்டு அமர்ந்திருப்பார்.

காசல்ரீ கரை:

அண்ணன், இறங்கும்போது சுற்றிக்கொள்ளும் என்பது கட்டின் குற்றமன்று, இறக்குகிறவரின் அவசரம். ரீலைத் திறந்துவிட்டு ஈயத்தைக் கல் போல விழவிடுகிறவருக்கு எந்தக் கட்டும் சிக்கும். இரையை முதலில் தண்ணீரில் விட்டு, நீரோட்டம் லீடரை இழுத்து நீட்டிய பிறகு ஈயத்தை இறக்கி, பெருவிரலால் சுருளை அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்தி, பத்துப் பன்னிரண்டு மீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தி விட்டால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் லீடர் மீண்டும் ஈயத்துக்குக் கீழே வந்துவிடும். பின்னல் நூலை நேராகச் சுவிவலில் கட்டாமல், கடைசி 2 அல்லது 3 மீற்றருக்குச் சற்று விறைப்பான தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) வைத்து, அதில் ஈயத்தை ஓடவிட்டால் சிக்கல் மேலும் குறையும். ஏனென்றால் பின்னல் நூலின் மென்மைதான் சுற்றுவதற்கு அதிகம் இடம் கொடுக்கிறது.

நீங்கள் மீனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரிய கலவாய் பாரின் அடியில், கல் இடுக்கில் கிடக்கிற மீன். தரையிலிருந்து அரை மீற்றர் உயரத்தில், ஈயத்துக்கு மேலே விறைத்து நிற்கிற இரையைவிட, தரையோடு ஒட்டி நீரோட்டத்தில் இயல்பாக அசைகிற இரையைத்தான் அது தயக்கமின்றி எடுக்கும். எடுத்த பிறகும், நூல் ஈயத்தின் துளைக்குள்ளே ஓடுவதால் பாரம் அதன் வாயில் தெரியாது. உங்கள் கட்டில் எடுத்த உடனே 200 கிராம் ஈயத்தை அது தூக்க வேண்டியிருக்கிறது. மேலும், ஒரு முள்ளில் பெரிய மீன் மாட்டினால் உங்களுடைய மற்ற முள் சும்மா இருப்பதில்லை. மீன் பாரை நோக்கி ஓடும்போது அந்த முள் கல்லில் கொளுவி, மீனையும் கட்டினையும் சேர்த்தே இழக்க வைக்கும்.

ஹற்றன் தூண்டில்:

தம்பி, மற்ற முள் பாரில் கொளுவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கரடான பாரில் நானும் ஒற்றை முள்ளுடன்தான் அடி ஈயக் கட்டினைப் போடுகிறேன். ஆனால் பாரம் தெரியாது என்று நீங்கள் சொல்வது கரைக்குப் பொருந்தும். படகுக்கு எப்படிப் பொருந்தும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

கரையிலிருந்து வீசிய நூல் சாய்வாகக் கிடக்கிறது. மீன் இரையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது நூல் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே ஈயத்தின் துளை வழியாக வழுக்குகிறது; அதனால்தான் நீர்த்தேக்கக் கரையில் அந்தக் கட்டுச் சிறப்பாக வேலை செய்கிறது. படகிலோ நூல் செங்குத்தாக நிற்கிறது. ஈயம் தரையில் படுத்திருக்க, மீன் பக்கவாட்டில் போனால், நூல் ஈயத்தின் விளிம்பில் செங்கோணமாக மடிந்து உராய்ந்துகொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அதற்கு மேல், நீரோட்டம் தள்ளிக்கொண்டிருக்கிற 55 மீற்றர் நூலையும் மீன் இழுக்க வேண்டும். தடையில்லாத ஓட்டம் என்று நாம் நினைப்பது அங்கே பெரும்பாலும் இல்லாமலே போய்விடுகிறது. மாறாக, அடி ஈயக் கட்டில் முள்ளுக்கும் கைக்கும் இடையில் ஈயமே கிடையாது. கடி நேராக நூலில் ஏறி வருகிறது. ஆழத்தில் கடியை உணர்வதே பாதி வேலை.

பண்டாரவளை நூல்:

இருவரும் எந்தக் கட்டு என்பதைப் பேசுகிறீர்கள். எப்படிக் கட்டுவது என்பதை யாரும் பேசவில்லை. நான் பார்த்தவரையில் மீன் அறுத்துப் போவது பெரும்பாலும் முடிச்சில்தான். அது எந்தக் கட்டாக இருந்தாலும் சரி.

பக்கக் கண்ணியை எடுத்துக்கொள்வோம். 60 இறாத்தல் தாங்கும் தங்கூசியில் ஒரு வளையம் இட்டு, நூலை நூலோடு ஐந்து அல்லது ஆறு முறை முறுக்கி, முறுக்கின் சரியான நடுவைத் திறந்து, வளையத்தின் அடிப்பக்கத்தை அதற்குள்ளே நுழைத்து, இரு முனைகளையும் ஒரே சீராக இழுக்க வேண்டும். இழுக்கும் முன் முடிச்சைக் கட்டாயம் ஈரமாக்க வேண்டும். உலர்ந்த தங்கூசி உராயும்போது உண்டாகும் சூடே அதன் வலிமையைத் தின்றுவிடும். நன்றாகக் கட்டினாலும் இந்த முடிச்சு நூலின் முழு வலிமையைத் தராது. ஆகவே லீடரைப் பிரதான நூலைவிடத் தடிப்பாக எடுப்பதே முறை.

அளவும் முக்கியம். ஒரு கண்ணியின் நீளம் 15 சென்றிமீற்றர் என்றால், இரு கண்ணிகளுக்கு இடையில் குறைந்தது 40 சென்றிமீற்றர் இருக்க வேண்டும். இரு கண்ணிகளின் நீளத்தைக் கூட்டினால் வருவதைவிட இடைவெளி அதிகமாக இருந்தால்தான் ஒரு முள் மற்றதை எட்டிப் பிடிக்காது. இதைக் கவனிக்காமல் இரண்டு முட்களையும் நெருக்கிக் கட்டிவிட்டு, அடி ஈயக் கட்டும் சிக்குகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கூர் உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் தண்டில் நூலைச் சுற்றிக் கட்டும்போது, கூர் இருக்கும் பக்கத்திலிருந்து நூலைக் கண்ணுக்குள் செலுத்த வேண்டும். அப்போதுதான் இழுபடும் நேரத்தில் முள் திரும்பி வாயின் ஓரத்தில் ஏறும். அதைப் போட்டிருப்பவர் கோலை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பாரம் ஏறியதும் நிதானமாகச் சுருட்டினாலே போதும். இங்கேதான் காசல்ரீக் கரைக்காரரின் வாதம் எனக்குத் தளர்கிறது. மீன் தானாகவே திரும்பி ஓடி மாட்டிக்கொள்கிற வட்ட முள்ளுக்கு, அடியில் இருக்கும் ஈயத்தின் பாரம் தடையன்று. அது முள்ளைத் திருப்ப உதவுகிற எதிர்ப்பு.

காசல்ரீ கரை:

வட்ட முள்ளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அக்கா. ஆனால் விளைமீன் போன்ற சிறிய வாய் மீன்கள் இரையைக் கொறித்துப் பார்த்துவிட்டு, பாரம் தெரிந்தால் துப்பிவிடுகின்றன. கிளாத்தி மீன் கூட்டம் வந்துவிட்டாலோ, உயரத்தில் நிற்கும் இரண்டு இரைகளையும் அது சில நிமிடங்களில் உரித்துவிடும். தரையில் கிடக்கும் இரை சற்றாவது தப்பும். இதற்கு உங்கள் கட்டில் என்ன விடை இருக்கிறது?

தலவாக்கலை ஆசான்:

கிளாத்திக்கு எந்தக் கட்டிலும் விடை இல்லை. அது வந்தால் படகை நகர்த்துவதே வழி. அதன் பற்கள் தங்கூசியையும் அறுக்கும்.

ஈயத்தின் எடையைப் பற்றி 200 கிராம் என்று பொதுவாகச் சொல்லிச் செல்வது எனக்குப் போதவில்லை. நீரோட்டம் நூலைத் தள்ளும் விசை, நூலின் தடிப்பையும் நீருக்குள் இருக்கும் நீளத்தையும் பொறுத்தது. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அந்த விசை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 30 இறாத்தல் தங்கூசி அரை மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பானது. அதே வலிமையுள்ள பின்னல் நூல் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆகவே தங்கூசி போட்டிருப்பவர் தரையைத் தொட 300 கிராம் தேடுகிற இடத்தில், பின்னல் நூல் போட்டிருப்பவர் அதில் பாதியோடு நின்றுவிடக்கூடும். அதோடு, தங்கூசி இழுபடும்போது நீளும். 55 மீற்றரில் பத்தில் ஒரு பங்கு நீண்டால் ஐந்தரை மீற்றர் ஆகிறது. நீங்கள் கோலை எவ்வளவு உயர்த்தினாலும் அது முள்ளைப் போய்ச் சேராது. எந்தக் கட்டு என்ற கேள்விக்கு முன்னே எந்த நூல் என்ற கேள்வி தீர வேண்டும்.

ஈயம் கிடைக்காதபோது கல்லைக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. ஈயம் நீருக்குள் தன் எடையில் பதினொன்றில் ஒரு பங்கை மட்டுமே இழக்கிறது. கருங்கல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இழக்கிறது. 300 கிராம் கல், நீருக்குள் ஏறக்குறைய 200 கிராம் ஈயத்தின் அளவுக்கே வேலை செய்யும். பருமனாக இருப்பதால் நீரோட்டமும் அதை அதிகம் தள்ளும். ஆனாலும் நம் நீர்த்தேக்கங்களில் நான் கல்லையோ இரும்பு நட்டையோதான் கட்டுவேன். அறுந்து கிடக்கும் ஈயம் நஞ்சு என்பதில் ஐயமில்லை. அன்னப் பறவைகள் அதை விழுங்கி மடிந்ததால்தான் பிரித்தானியாவில் சிறிய தூண்டில் ஈயங்களின் விற்பனையை 1987 இல் தடை செய்தார்கள்.

ஹற்றன் தூண்டில்:

ஐயா கல்லைச் சொன்னதால், அடி ஈயக் கட்டின் பக்கம் நான் நிற்பதற்கு உள்ள மிகப் பெரிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுந்தால் எது போகிறது என்பதே அது. ஈயத்தை 15 அல்லது 20 இறாத்தல் மெல்லிய தங்கூசித் துண்டில் தனியே கட்டிவிட்டால், பாரில் ஈயம் சிக்கும்போது அந்தத் துண்டு மட்டுமே அறுந்து, முள்ளும் மீனும் மேலே வந்துவிடும். ஓடும் ஈயக் கட்டில் இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது. ஈயம் பிரதான நூலிலேயே கோத்திருப்பதால், அது கல்லிடுக்கில் மாட்டினால் இழப்பது முழுக் கட்டினையும்.

இது கடலுக்கு மட்டுமன்று. மவுசாகலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது கோயிலின் எச்சங்கள் தலைகாட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சுவர்களும் அடிமரங்களும் நிறைந்த அப்படிப்பட்ட தரையில், உங்கள் ஓடும் ஈயம் எத்தனை முறை திரும்பி வருகிறது என்று மஸ்கெலியாப் பக்கத்து நண்பர்களைக் கேளுங்கள்.

காசல்ரீ கரை:

அண்ணன், ஓடும் ஈயத்திலும் மெல்லிய துண்டு வைக்கலாம். ஈயத்தை நூலில் கோக்காமல், நூலில் ஒரு சுவிவலை ஓடவிட்டு, அதன் மறு வளையத்தில் மெல்லிய துண்டால் ஈயத்தைத் தொங்கவிடுங்கள்; சிக்கினால் ஈயம் மட்டுமே போகும். அதோடு ஈயத்தின் விளிம்பில் நூல் மடிந்து உராயும் என்று நீங்கள் சொன்ன குறையும் பெருமளவு நீங்கிவிடுகிறது. சுவிவலின் வளையம் நூல் போகும் திசைக்கெல்லாம் திரும்பிக் கொடுக்கும்.

நூல் செங்குத்தாக நிற்கிறது என்ற உங்கள் வாதம், படகு நீரோட்டத்தோடு மிதந்து போகும்போது பொருந்துகிறது. அந்த இடத்தில் நான் மறுக்கவில்லை. நங்கூரம் போட்ட படகில், நீரோட்டம் நூலைப் பின்பக்கமாகச் சாய்த்து இழுத்துச் செல்லும் மணல் தரையில், அது கரை போலவே சாய்ந்துதான் கிடக்கிறது. அங்கே ஒன்றரை மீற்றர் லீடரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தலவாக்கலை ஆசான்:

கட்டு எதுவாயினும், ஆழத்திலிருந்து கலவாயை ஏற்றுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 55 மீற்றரில் மேற்பரப்பைப் போல ஆறரை மடங்கு அழுத்தம் இருக்கிறது. மேலே வரும்போது மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு அந்த அளவுக்கு விரிகிறது. கலவாய்க்கு அதை வாய் வழியாக வெளியேற்றும் குழாய் இல்லை. நம் நீர்த்தேக்கத்துக் காப் மீனுக்கு அது உண்டு. ஆகவே சிறிய கலவாயைப் படகோரத்தில் எறிந்துவிட்டு உயிரோடு விட்டோம் என்று எண்ணக் கூடாது. அது வயிறு மேலாக மிதந்து சாகும். விடுவதென்றால், எதிர்முள்ளை மடித்துத் தட்டையாக்கிய முள்ளைத் தலைகீழாக வைத்து, அதில் ஒரு கனமான ஈயத்தைக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் கொளுவி, ஆழத்துக்கு இறக்கி அங்கே விடுவிக்க வேண்டும். அதற்கான ஈயத்தையும் பெட்டியில் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.

ஹற்றன் தூண்டில்:

நங்கூரமிட்ட படகு, மணல் தரை, சாய்ந்த நூல்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் தம்பி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், சுவிவலில் ஈயத்தைத் தொங்கவிடும் முறையும் நல்லதே. ஆனால் நாம் போகும் இடம் பார். படகோட்டி அங்கே நங்கூரம் போடுவதில்லை. அங்கே லீடர் ஒன்றரை மீற்றர் என்பதை மட்டும் இன்னமும் மறுக்கிறேன். அரை மீற்றருக்கு மேல் நீட்டினால், நீங்கள் எவ்வளவு நிறுத்தி நிறுத்தி இறக்கினாலும் அது சுற்றும்.

காசல்ரீ கரை:

முக்கால் மீற்றர் வரை வருகிறேன், அண்ணன். அதற்குக் கீழே குறைத்தால் அது ஓடும் ஈயக் கட்டே அன்று.