சார்ம் ஊரில் பார்த்தது எளிமையா, வேஷமா?

கொலம்பஸ்காரன்:
போன சனிக்கிழமை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஹோம்ஸ் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கும் சார்ம் ஊருக்குப் போய்வந்தோம். ஊர் என்ன ஊர், 557ஆம் எண் சாலையில் ஒரு கைப்பிடி வீடும் கடையும்தான். அங்கே இருக்கும் ஆமிஷ் மக்கள், பழைய எளிய வாழ்க்கையை விடாத ஒரு கிறிஸ்தவப் பிரிவினர், கரண்ட்டைத் தொட மாட்டார்கள், கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று படித்துவிட்டுப் போனேன். அங்கே வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர் பேட்டரி சைக்கிளில் ஜம்மென்று மேடு ஏறுகிறார். கொட்டகைக் கூரையில் சோலார் பலகை. வேனிலிருந்து பத்துப் பேர் இறங்குகிறார்கள். சொந்தக் கார்தான் கூடாதாம், வாடகைக்கு ஏறலாமாம்! நம்ம ஊரில் கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளும் 'சைவம்' ஞாபகம் வந்தது.

தேன்மொழி:
புதுசெல்லாம் பாவம் என்று அவர்கள் எங்கே சொன்னார்கள்? ஒவ்வொரு சபைக்கும் 'ஓர்ட்னுங்' என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. வருஷத்தில் இரண்டு தடவை, திருவிருந்துக்கு முன்னால், கூடிப் பேசி ஒப்புக்கொள்கிறார்கள். 25, 30 குடும்பம் சேர்ந்தது ஒரு சபை. கோயில் கட்டடம் கிடையாது. ஆராதனை வீட்டில்தான், பெஞ்சுகள் மட்டும் வண்டியேறி வீடு வீடாகப் போகும். அவர்கள் போவது குதிரை வண்டியில், குதிரை மணிக்கு 8, 10 மைல் ஓடும். அந்தத் தூரத்துக்குள் குடியிருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். சொந்தக் கார் வந்தால் மகன் 50 மைல் தள்ளி வீடு பார்ப்பான். ஆஸ்பத்திரிக்கு வேன் பிடித்தால் அப்படி ஆகாது. அவர்கள் பார்ப்பது கருவியை இல்லை, அது வந்தபிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதை.

ரத்தினம்:
நான் தினமும் மில்லர்ஸ்பர்க் பக்கம் வேலைக்குப் போகிறவன். தத்துவத்தை விடுங்கள், ராத்திரி கதைக்கு வாருங்கள். மேடு ஏறி இறங்கும்போது முன்னால் ஆமிஷ்காரர்களின் கறுப்புக் குதிரை வண்டி. கிட்டப் போனால்தான் தெரியும். வண்டியில் மஞ்சள் விளக்கு மின்னிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 2022இல் ஒஹாயோ சட்டம் போட்டது. பெரும்பாலானவர்கள் மாட்டிவிட்டார்கள். ஆமிஷிலேயே சுவார்ட்சென்ட்ரூபர் என்ற பிரிவு மட்டும் முடியாது என்கிறது. மெதுவாகப் போகும் வண்டி என்று காட்டப் பின்னால் மாட்டும் ஆரஞ்சு முக்கோணத்துக்கே சம்மதிக்காதவர்கள் அவர்கள்.

தேன்மொழி:
அவர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே தனியாகப் போன கண்டிப்பான பிரிவு. பளிச்சென்ற நிறமே உலக ஆடம்பரம், காப்பாற்றுவது கடவுள் என்பது அவர்கள் நம்பிக்கை. லாந்தரும் வெளிச்சம் பட்டால் மின்னும் சாம்பல் பட்டையும் வைத்துக்கொள்கிறார்களே.

ரத்தினம்:
நம்பிக்கை அப்பாவுக்கு. அடிபடுவது குதிரையும் பின்சீட்டுக் குழந்தையும். லாந்தர் வெளிச்சம் எவ்வளவு தூரம் தெரியும் என்று ஒரு மழை ராத்திரியில் வந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

கொலம்பஸ்காரன்:
குழந்தை என்றதும் இன்னொன்று. ஆமிஷ் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. 1972இல் யோடர் என்ற ஆமிஷ்காரரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு வழிவிட்டது. டாக்டராக ஆசைப்படும் பெண் என்ன செய்வாள்?

தேன்மொழி:
14 வயதிலேயே தச்சு வேலையோ பால் பண்ணையோ கையில் வந்துவிடுகிறது. பெரியவர்களான பிறகுதான் ஞானஸ்நானம், அதுவும் சொந்த விருப்பம். 10 பேரில் 8 பேருக்கு மேல் சபையிலேயே தங்குகிறார்கள்.

கொலம்பஸ்காரன்:
எட்டாவது மட்டும் படித்துவிட்டு வெளியே எங்கே போவாள்? தங்குவதையே விருப்பத்துக்குச் சாட்சியாகக் காட்டினால் எப்படி?

தேன்மொழி:
சரி, அந்த இடத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் 'வேஷம்' என்ற வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ்காரன்:
வேஷத்தை வாங்கிக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தை விடமாட்டேன்.

பால்கேன்:
இவ்வளவு சண்டையில் ஒருவரும் சீஸ் பற்றிப் பேசவில்லை! சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆல்ஃபிரட் குக்கிஸ்பெர்க் 1960களில் 'பேபி ஸ்விஸ்' என்ற சீஸைச் செய்தது சார்ம் பக்கத்தில்தான். வழக்கமான ஸ்விஸைவிட ஓட்டை சின்னது, வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருக்கும். அடுத்த தடவை வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு ஊரே மூடியிருக்கும். யார் முகத்துக்கு நேராகவும் போனை நீட்டாதீர்கள். படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது.

ரத்தினம்:
இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.