வகை பொருந்தவில்லை என்கிறது கம்பைலர்: உங்கள் அனுபவம் என்ன?

ஜூரோங் வெஸ்ட் ஆசிரியர்

சனிக்கிழமைகளில் சமூக மன்றத்தில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் இதை வெறுத்து ஒதுங்குவது தர்க்கம் பிடிபடாமல் அல்ல, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் கம்பைலர் சொல்வது பிடிபடாமல்தான். கண்ணாரக் கண்டு சொல்கிறேன்.

அண்மையில் ஒரு மாணவி ஜாவாவில் சாப்பாட்டுக் கடை ரசீது எழுதினாள். விலை 4.50 வெள்ளி. மொத்தத்தை முழுஎண் மட்டும் கொள்ளும் இன்ட் வகை மாறியில் வைக்கப் பார்த்தாள். வகைகள் பொருந்தவில்லை, டபுளை, அதாவது புள்ளி வைத்த எண்ணை, இன்ட்டாக மாற்றினால் இழப்பு நேரலாம் என்று செய்தி வந்தது. "எது சார் போய்விடும்?" என்று கேட்டாள். எவ்வளவு நியாயமான கேள்வி! புள்ளிக்குப் பின்னால் இருப்பது கழிந்துவிடும், ஐம்பது காசு கணக்கில் வராது என்றேன். உடனே மாறியின் வகையை அவளே மாற்றிவிட்டாள். புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும் என்பதைக் கம்பைலரே சொல்லியிருக்கலாமே? உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

ஈசூன்வாசி

சி++ எழுதுகிறவர்களிடம் கேளுங்கள் ஐயா. லிஸ்ட் ஒன்றை அடுக்கச் சொல்லி எஸ்டிடி சார்ட் என்ற வரிசைப்படுத்தும் செயற்கூற்றிடம் கொடுத்தால் போதும். நாம் எழுதாத நிரலுக்குள் எங்கோ கழித்தல் குறி செல்லாது என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். லிஸ்ட்டின் உறுப்புகளைச் சுட்டும் இட்டரேட்டர் நினைத்த இடத்துக்குத் தாவாது, விஷயம் அவ்வளவுதான். சி++20இல் வகைகளுக்கு நிபந்தனை எழுதும் கான்செப்ட்ஸ் வந்தபின், அதைப் பயன்படுத்தும் ரேஞ்சஸ் நூலகம் வழியாகப் போனால் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்றாவது தெரிகிறது. நீளம் மட்டும் குறைந்தபாடில்லை.

செங்காங்வாசி

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் வேலை செய்கிறேன். இந்த விஷயத்தில் அந்த மொழிக்காரர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2015இல் எல்ம் மொழி மனிதருக்குப் புரியும் பிழைச்செய்திகளைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே ரஸ்ட்டும் தன் செய்திகளின் வடிவத்தை மாற்றியது. பிழை தெரிந்த இடத்தை மட்டும் காட்டாமல், அந்த வகையை எதிர்பார்க்கக் காரணமான இடத்தையும் சேர்த்துக் காட்டும். செயற்கூற்றின் கடைசி வரியில் அரைப்புள்ளி போட்டுவிட்டால், மதிப்பு எதுவும் திரும்பவில்லை என்று சொல்வதோடு நிற்காது. இந்த அரைப்புள்ளியை எடுத்துவிடு என்று விரல் வைத்துக் காட்டும்.

ஆனாலும் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வகை பொருந்தவில்லை என்று சொல்லும் ஈ0308 பிழையில் மாட்டிக்கொண்டார். எதிர்பார்த்த வகையின் பெயரும் கிடைத்த வகையின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே! ஒரே பெயர் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று மதியம் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கிரேட்டின், அதாவது ரஸ்ட் நூலகத்தின், பழைய பதிப்பு ஒரு வழியாகவும் புதிய பதிப்பு இன்னொரு வழியாகவும் உள்ளே வந்திருந்தன. பதிப்பு வேறானால் கம்பைலருக்கு வகையும் வேறுதான். இரண்டு பதிப்புகள் இருக்கலாம் என்று அது குறிப்பும் எழுதியிருந்தது. கம்பைலரை இயக்கும் எங்கள் பில்ட் கருவி அதை முதல் வரியோடு வெட்டிவிட்டது. கம்பைலர் எழுதுகிறவர்கள் மட்டும் அக்கறைப்பட்டால் போதாது, நடுவில் இருக்கும் கருவிகளைச் செய்கிறவர்களுக்கும் அது வேண்டும். இதே சிக்கலில் இருப்பவர்கள் எந்தக் கிரேட் எதன் வழியாக வந்தது என்று காட்டும் கார்கோ ட்ரீ கட்டளையை ஓட்டிப் பாருங்கள்.

தெம்பனிஸ்வாசி

வகையைத் தானே ஊகிக்கும் மொழிகளில் சங்கடம் இன்னும் ஆழமானது. ஒரு பட்டியலில் பஸ் எண்களை எழுதுகிறோம் என்று வையுங்கள். முதலில் '170எக்ஸ்' என்ற சரம் (எழுத்துத் தொடர், ஸ்ட்ரிங்), பிறகு 170, 67 என்ற முழுஎண்கள். ஓகேமல் மொழியின் கம்பைலர் முதலில் பார்த்த சரத்தையே சட்டமாக்கிக்கொண்டு, 170இன் அடியில் கோடிட்டு, இது இன்ட், இங்கே ஸ்ட்ரிங் வரவேண்டும் என்கிறது. நாம் 170ஐ முறைத்துப் பார்க்கிறோம். ஆனால் மாற்ற வேண்டியது முதல் உறுப்பாகவும் இருக்கலாம் அல்லவா? எது முரண் என்பதுதான் கம்பைலருக்குத் தெரியும், எது நம் எண்ணம் என்பது தெரியாது. பிழையின் மூலத்தைத் தேடிக் காட்டுவது பற்றி கணினி அறிவியலாளர் மிட்செல் வாண்ட் 1986லேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

அதே பட்டியலை எல்மிடம் கொடுத்தால், இரண்டாவது உறுப்பு அதற்கு முன்னால் வந்தவற்றோடு பொருந்தவில்லை என்கிறது. பட்டியலில் எல்லாமே ஒரே வகையாக இருக்கவேண்டும் என்று காரணமும் சொல்கிறது. யாரையும் குற்றவாளி ஆக்காமல் இரு பக்கத்தையும் முன்னால் வைக்கிறது. எனக்குத் தெரிந்து இதுவே சரியான முறை.

ஆசிரியரே, குழப்பும் செய்தியையும் ஒரு பிழையாகவே ரஸ்ட் குழுவினர் பதிவுசெய்துகொள்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்கு ரஸ்ட்டிலும் ஈடுபாடு இருந்தால், அவர்களைத் திணறடித்த நிரலைப் பத்து வரிக்குள் சுருக்கி, அவர்கள் கேட்ட கேள்வியையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். நானே எழுதிப் பதிவுசெய்கிறேன்.